கழிந்த காலத்தின் கணக்கு: கலிதினம் முதல் கணிப்பொறிக் கடிகாரம் வரை

இரண்டு நேரங்களுக்கு இடையே எவ்வளவு காலம் கழிந்தது என்று காண்பது எளிய கழித்தல் கணக்காகவே தோன்றும். ஆனால் மாதங்கள் 28 முதல் 31 நாள் வரை நீளம் மாறுவதும், லீப் ஆண்டு குறுக்கிடுவதும், சில நாடுகளில் கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பதும் சேர்ந்து, நாட்காட்டி அளவுகளை நேரடியாகக் கழிக்க முடியாதபடி செய்துவிடுகின்றன. ஆகவே நிரல் எழுதுவோர் இரு நேரங்களையும் ஏதேனும் ஒரு தொடக்கப் புள்ளியிலிருந்து எண்ணப்பட்ட ஒற்றை எண்களாக மாற்றிக்கொண்டு, அதன் பிறகே ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கிறார்கள். இந்த உத்தி கணிப்பொறிக்குப் பல நூற்றாண்டுகள் மூத்தது.

கி.மு. 3102 பிப்ரவரி 18 அன்று கலியுகம் தொடங்கியதாகக் கொண்டு, அன்று முதல் நாட்களை இடைவிடாமல் எண்ணிய இந்திய வானியலார், அந்த எண்ணிக்கையை அகர்கணம் என்றனர். கலிதினம் என்றும் அது வழங்கும். ஆண்டுப் பிறப்பும் மாதப் பெயரும் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறினாலும் கலிதினம் மாறாது என்பதே அதன் வலிமை. தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், தாளும் எழுதுகோலும் இன்றி, தரையில் சோழிகளை அடுக்கியும், எண்களைக் குறிக்கும் மனப்பாடமான வாக்கியங்களைச் சொல்லியும் சந்திர கிரகணத்தைக் கணித்த முறையை, 1825-இல் சென்னையில் வெளியான ‘காலசங்கலிதா’ நூலில் ஜான் வாரன் பதிவு செய்தார். கலிதினத்தை 12,372, 3,031, 248 நாள் கொண்ட சுழற்சிகளால் அடுத்தடுத்து வகுத்து, எஞ்சும் எண்ணுக்குரிய வாக்கியத்திலிருந்து சந்திரனின் இடத்தைப் பெறுவது வாக்கிய முறை. விரைவும் மந்தமும் மாறிவரும் தன் சுற்றைச் சந்திரன் 248 நாட்களில் ஏறத்தாழ 9 முறை முடிப்பதால் அந்த எண் வந்தது. நாட்களை ஒரே எண்ணாக்கி அதன்மேல் கணக்கை ஓட்டும் இந்த முறையைக் கணிப்பொறி நிரலின் முன்னோடி என்று சொல்வது மிகையாகாது.

ஐரோப்பாவில் இதே வேலையைச் செய்த ஜூலியன் நாள் எண், 1583-இல் ஜோசப் ஸ்காலிஜர் வகுத்த 7,980 ஆண்டுக் காலச்சுழற்சியைத் தொடக்கமாகக் கொண்டது. 1957-இல் ஸ்புட்னிக் செயற்கைக்கோளின் பாதையை ஐ.பி.எம். 704 கணிப்பொறியில் பதிந்த ஸ்மித்சோனியன் வானியற்பியல் ஆய்வகத்தார், ஏழு இலக்கம் கொண்ட அந்த எண்ணிலிருந்து 24,00,000.5-ஐக் கழித்து, 18 பிட்டுக்குள், அதாவது பூச்சியமோ ஒன்றோ ஏற்கும் பதினெட்டு இடங்களுக்குள், அதை அடக்கினர். 1968-இல் வானியலாளர்கள் ஃபிளீகலும் வான் ஃபிளாண்டர்னும் நாட்காட்டித் தேதியை ஜூலியன் நாளாக மாற்றும் வழியை ஃபோர்ட்ரான் நிரல்மொழியின் ஒற்றைக் கூற்றில் எழுதிக் காட்டினர். முழு எண் வகுத்தலில் பின்னம் தானாக உதிர்ந்துவிடும் பண்பைக் கொண்டே லீப் ஆண்டுச் சிக்கலை முழுவதும் தீர்த்த அந்தக் கூற்று, இன்றும் வியந்து படிக்கத் தக்கது.

நாளைவிடச் சிறிய அலகு வேண்டியபோது புதிய இடர் முளைத்தது. பெல் ஆய்வகத்தில் உருவான யூனிக்ஸ் இயங்குதளத்தின் 1971-ஆம் ஆண்டு முதல் கையேட்டின்படி, அவ்வாண்டு ஜனவரி 1 முதல் கழிந்த காலம் நொடியின் அறுபதில் ஒரு பங்கு என்ற அலகில் எண்ணப்பட்டது. 32 பிட் எண் அந்த வேகத்தில் ஏறத்தாழ 829 நாட்களில் நிரம்பிவிடும் என்பதால், பின்னர் முழு நொடியே அலகாயிற்று, 1970 ஜனவரி 1 தொடக்கமாயிற்று. குறை எண்களுக்கும் இடம் ஒதுக்கும் 32 பிட் எண்ணில் அந்தக் கணக்கும் 2038 ஜனவரி 19 அன்று நிரம்பும். 64 பிட்டுக்கு மாறாத கருவிகள் அன்று காலத்தைப் பின்னோக்கிக் காட்டும்.

அலகைப் பிழையாகக் கையாள்வதன் விலையை 1991 பிப்ரவரி 25 காட்டியது. சவூதி அரேபியாவின் தஹ்ரானில் நிறுத்தப்பட்டிருந்த பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு, நேரத்தைப் பத்தில் ஒரு நொடியாக எண்ணி, அதை 0.1 ஆல் பெருக்கி நொடியாக்கியது. இரும முறையில் 0.1 முடிவின்றி நீளும் பின்னம் ஆதலால், 24 பிட்டில் அது வெட்டப்பட்டபோது ஒவ்வொரு எண்ணிக்கையிலும் நொடியின் கோடியில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவான பிழை தங்கியது. தொடர்ந்து 100 மணி நேரம் ஓடிய பிறகு அது ஏறத்தாழ 0.34 நொடியாகப் பெருகிற்று. நொடிக்கு 1,600 மீட்டருக்கும் மேல் பறக்கும் ஸ்கட் ஏவுகணையின் வருகை இடத்தை அமைப்பு அரைக் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளித் தேடியது. அதைத் தடுக்க ஏவுகணை ஏவப்படவில்லை, 28 அமெரிக்கப் படைவீரர் உயிரிழந்தனர். அமைப்பு கழித்துப் பார்த்த இரு நேரங்களும் ஒரே பிழையுடன் மாற்றப்பட்டிருந்தால், கழிக்கும்போது பிழையும் பெரும்பாலும் நீங்கியிருக்கும். மென்பொருளின் சில இடங்களில் மட்டும் துல்லியமான மாற்றுமுறை புகுத்தப்பட்டு, பிற இடங்களில் பழையது விடப்பட்டிருந்ததே கேட்டை விளைத்தது. திருத்திய மென்பொருள் மறுநாள்தான் தஹ்ரானை அடைந்தது.

இன்னொரு இடர் கடிகாரத்திலேயே இருந்தது. புவியின் சுழற்சியோடு அணுக்கடிகாரத்தை இசைவிக்க, 1972 முதல் 2016 இறுதிவரை 27 லீப் நொடிகள் உலக நேரத்தில் செருகப்பட்டன. யூனிக்ஸ் கணக்கோ ஒரு நாளுக்கு எப்போதும் 86,400 நொடிகளையே ஏற்பதால், செருகப்பட்ட நொடியில் கடிகாரம் பின்வாங்க நேர்கிறது. 2017 புத்தாண்டு பிறந்த நொடியில் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் பெயர்த்தீர்வு மென்பொருள், அதாவது இணையப் பெயர்களுக்குரிய முகவரியைத் தேடித் தரும் நிரல், மறுமொழிக்கு எடுத்த காலத்தைக் கழித்துப் பார்த்தபோது குறை எண் கிடைத்து, சில வழங்கிகளில் செயலிழந்தது. விடை பூச்சியமா என்று மட்டுமே சோதித்த வரியை, பூச்சியமோ அதற்குக் கீழோ என்று மாற்றியதும் பிழை தீர்ந்தது. அந்நிரல் எழுதப்பட்ட கோ மொழி, அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த 1.9 பதிப்பிலிருந்து, ‘இப்போது’ என்று நேரத்தைக் கேட்கும்போதெல்லாம் சுவர்க்கடிகார நேரத்துடன், ஒருபோதும் பின்னோக்கி ஓடாத ஏறுமுகக் கடிகாரத்தின் அளவையும் சேர்த்துப் பதிந்து, அப்படிப் பதிந்த இரு நேரங்களைக் கழிக்கையில் பின்னதையே பயன்படுத்துகிறது.