சட்டம் பிறந்த நாளும் நம் தெருவுக்கு வந்த நாளும்

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் என்னைப் பணித்தனர். அரசுப் பள்ளியில் தலைமையாசிரியராகப் பணியாற்றி வரும் எனக்கு, அண்மை ஆண்டுகளில் நம் மாநிலத்தில் இயற்றப்பட்ட சில சட்டங்களைப் பற்றி இளைஞர்களிடம் பேச வேண்டும் என்னும் எண்ணம் நெடுநாளாக உண்டு. எனவே இவ்வாய்ப்பை மகிழ்வுடன் ஏற்றுக்கொண்டேன்.

சட்டம் ஒன்று சட்டமன்றத்தில் பிறக்கும் நாள் ஒன்று. அது நம் தெருவுக்கு வந்து சேரும் நாள் மற்றொன்று. இவ்விரண்டு நாள்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் நாம் இழந்தவை ஏராளம். இதற்கு வரலாறே சான்று. ஆகவே புதிய சட்டங்களைப் பேசுமுன் பழைய சட்டங்களின் கதையைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

நிலம் வந்ததும் போனதும்

செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரெமென்கீர் என்னும் ஆங்கிலேயர், அம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலையைக் குறித்து 1891-ஆம் ஆண்டில் அறிக்கை ஒன்றை அரசுக்கு அளித்தார். அதன் பயனாக 1892-ஆம் ஆண்டில் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நிலம் வழங்க ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்றும் டி.சி. நிலம் என்றும் நாம் சொல்லுவது அதனையே. சென்னை மாகாணத்தில் அவ்வாறு வழங்கப்பட்ட நிலம் 12 லட்சம் ஏக்கர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. முதல் 10 ஆண்டுகளுக்கு அந்நிலத்தை எவருக்கும் விற்கக் கூடாது. அதன் பின்னரும் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் அல்லாதார்க்கு விற்கவோ அடகு வைக்கவோ கூடாது என்பது நிபந்தனை.

எங்கள் பாட்டனாருக்கும் அத்தகைய நிலம் ஒன்றேகால் ஏக்கர் இருந்தது. அத்தையின் திருமணச் செலவுக்காக அதனை ஊர்ப் பெரிய குடும்பம் ஒன்றிடம் ஈடு வைத்தார். பத்திரத்தில் கைநாட்டு வைத்தார். மீட்க முடியவில்லை, நிலம் போயிற்று. அந்த ஈடே செல்லாது என்று கூறும் நிபந்தனை, அவர் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த காகிதத்திலேயே எழுதப்பட்டிருந்தது. அவரைக் காக்கும் சொற்கள் அவர் கையிலேயே இருந்தன. அவற்றைப் படிக்க அவருக்குத் தெரியவில்லை. நம் குடும்பங்கள் பலவற்றில் இதே கதையைக் கேட்கலாம். இழந்த நிலத்தை மீட்கக் கோரிச் செங்கற்பட்டுப் பகுதியில் 1994-ஆம் ஆண்டு எழுந்த போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்நீத்தனர். ஆணை பிறந்து நூற்றிரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னரும் நிலம் கேட்டு உயிர்தர வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

வீதியும் கோயிலும் ஊராட்சியும்

பொதுச் சாலைகளிலும் பொதுக் கிணறுகளிலும் எல்லா மக்களுக்கும் உரிமை உண்டு என்னும் தீர்மானத்தை இராவ்பகதூர் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டு வந்தார். பொது இடங்களில் நம்மைத் தடுப்பது தவறு என்று கூறும் சமூக உரிமைத் தடைநீக்கச் சட்டம், எம்.சி. ராஜா அவர்களின் முயற்சியால் 1938-இல் நிறைவேறியது. 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கக்கன் அவர்கள் உள்ளிட்ட நம்மவர் அடியெடுத்து வைத்தனர். அதனைத் தொடர்ந்து அவ்வாண்டே ஒரு சட்டமும், 1947-இல் கோயில் நுழைவு உரிமைச் சட்டமும் வந்தன. எனினும் தேநீர்க் கடையில் தனிக் குவளையும், கோயில் வாயிலில் தடையும் அதற்குப் பின் எத்தனை ஆண்டுகள் நீடித்தன என்பதை மூத்தோர் அறிவர்.

1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், ஊராட்சித் தலைவர் பதவிகளில் நமக்கு இடம் ஒதுக்கியது. 1996-இல் தேர்தல் நடந்தது. மதுரை மாவட்டம் மேலவளவில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் முருகேசன் அவர்களும் உடன் சென்றோரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் 2006-ஆம் ஆண்டில்தான் தலைவர்கள் பதவியில் நிலைக்க இயன்றது. பத்தாண்டுகள்! சட்டம் சென்னையிலிருந்து மதுரை மாவட்டத்துச் சிற்றூருக்கு வந்து சேர எடுத்துக்கொண்ட காலம் அது.

பள்ளி வாயில்

கல்வித் துறையில் மட்டும் இவ்விடைவெளி சற்று விரைவாகக் குறைந்தது. அதற்குக் காரணம் சட்டம் மட்டும் அன்று. சட்டத்திற்கு முன்னரே பள்ளிக்கூடம் கட்டியோர் நம்மிடையே இருந்தனர். சென்னையில் கர்னல் ஆல்காட் 1894-இல் நம் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-இல் நந்தனார் கல்வி நிலையத்தைத் தோற்றுவித்தார். பின்னர் அரசின் தொழிலாளர் துறை நடத்திய பள்ளிகளே இன்று ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளாக விளங்குகின்றன. நம் தந்தையர் பலர் கல்வி கற்றது அந்த 'லேபர் பள்ளிக்கூட'த்தில்தான்.

வகுப்புவாரி ஆணை செல்லாது என்று நீதிமன்றம் கூறியபோது, தமிழகத்தில் எழுந்த கிளர்ச்சியின் பயனாக 1951-இல் அரசியலமைப்பு முதன்முறையாகத் திருத்தப்பட்டது. தமிழகத்தில் ஆதிதிராவிடர்க்கான இடஒதுக்கீடு 1971-இல் 16 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாக உயர்ந்தது. பழங்குடியினர்க்குத் தனியே 1 விழுக்காடு 1990-இல் கிடைத்தது. மொத்தம் 69 விழுக்காடு என்னும் ஏற்பாட்டை 1993-ஆம் ஆண்டுச் சட்டம் உறுதி செய்தது. மறு ஆண்டு அது அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டது.

அண்மைச் சட்டங்கள்

இனி, இக்காலத்து இளைஞர்கள் ஐயமற அறிந்திருக்க வேண்டிய சட்டங்களைக் காண்போம்.

முதலாவது, அருந்ததியர் உள் ஒதுக்கீட்டுச் சட்டம். நீதிபதி ஜனார்த்தனம் அவர்களின் பரிந்துரைப்படி 2009-இல் இயற்றப்பட்ட இச்சட்டம், ஆதிதிராவிடர்க்குரிய 18 விழுக்காட்டில் ஏறத்தாழ 3 விழுக்காட்டு இடங்களை அருந்ததியர், சக்கிலியர், மாதாரி, பகடை, ஆதி ஆந்திரர் உள்ளிட்ட 7 பிரிவினர்க்கு முன்னுரிமையாக அளிக்கிறது. மாநிலங்களுக்கு இவ்வாறு உட்பிரிவு செய்யும் அதிகாரம் உண்டா என்பது நெடுங்காலம் வழக்கில் இருந்தது. உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு 2024 ஆகஸ்டு 1 அன்று, ஆறு பேர் கருத்தொருமித்து, அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. நம் சங்கத்தில் எல்லாப் பிரிவினரும் உறுப்பினராக உள்ளோம். கடைசிப் பந்தியில் அமர்ந்தவனுக்கு முதலில் இலை போடுவதைக் கண்டு முன்பந்தியில் இருப்பவன் மனம் கோணலாகாது. இப்பிரிவுகளைச் சேர்ந்தோர், தம் சாதிச் சான்றிதழில் பிரிவின் பெயர் சரியாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று இன்றே பார்த்துக்கொள்ள வேண்டும். பெயர் மாறியிருப்பின் முன்னுரிமை கிட்டாது.

இரண்டாவது, தமிழ்வழியில் பயின்றோர்க்கு அரசுப் பணியின் நேரடி நியமனங்களில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் 2010-ஆம் ஆண்டுச் சட்டம். 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், பணிக்குரிய கல்வித் தகுதியை மட்டும் தமிழில் பெற்றிருந்தால் போதாது. முதல் வகுப்பு முதலே தமிழ்வழியில் பயின்றிருத்தல் வேண்டும். படித்த ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் அதற்குரிய சான்று பெற்று வைத்திருப்பது நலம்.

மூன்றாவது, அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவக் கல்லூரிகளில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. நீதிபதி கலையரசன் குழுவின் பரிந்துரையை ஏற்று 2020-இல் இச்சட்டம் வந்தது. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் 2021-இல் இவ்வுரிமை விரிந்தது. இவ்வொதுக்கீட்டில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்பதாக அவ்வாண்டு அறிவிக்கப்பட்டது. மருத்துவ ஒதுக்கீடு செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே பயின்றிருக்க வேண்டும் என்பது இதன் நிபந்தனை. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் மாநகராட்சி, நகராட்சிப் பள்ளிகளும் இதில் அடங்கும்.

நான்காவது, ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர்க்கான வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம், 2024. மக்கள்தொகையில் நம் பங்குக்கேற்ப அரசுத் திட்ட நிதியில் பங்கு ஒதுக்க வேண்டும் என்னும் கொள்கை சிறப்புக் கூறுகள் திட்டம் என்ற பெயரில் 1979-80 முதலே இருந்து வந்தது. ஆனால் அது வழிகாட்டுதல் மட்டுமே, சட்டமன்று. ஆந்திரமும் கர்நாடகமும் 2013-லேயே இதனைச் சட்டமாக்கின. தமிழகத்தில் 2024-இல் சட்டமாயிற்று. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழகத்தில் ஆதிதிராவிடர் 20.01 விழுக்காடு, பழங்குடியினர் 1.10 விழுக்காடு. இனி நம் குடியிருப்புக்குச் சாலை, நூலகம், விடுதி கேட்டு மனு எழுதும்போது, கருணை வேண்டுகிறோம் என்று எழுத வேண்டியதில்லை. சட்டப்படி எங்கள் பங்கு என்ன ஆயிற்று என்று கேட்கலாம். உரிமை மறுக்கப்பட்டால் முறையிடுவதற்கு, 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாநில அளவிலான ஆணையமும் ஏற்படுத்தப்பட்டது.

நான் ஒப்பமிட்ட ஒரு சான்றிதழ்

இவற்றையெல்லாம் இவ்வளவு விரித்துரைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதனை இங்கு மறைக்காமல் எழுதுவது என் கடமை.

2021-ஆம் ஆண்டு கோடையில், எட்டாம் வகுப்பு முடித்த மாணவன் ஒருவனை அவன் தந்தை எங்கள் பள்ளியிலிருந்து விலக்கி, ஆங்கிலவழித் தனியார் பள்ளியில் சேர்க்க விரும்பினார். அவர் கொத்தனார். வட்டிக்குக் கடன் வாங்கிக் கட்டணம் கட்டினார். மாற்றுச் சான்றிதழில் நான்தான் ஒப்பமிட்டேன். பையன் முன்னேறட்டும் என்று வாழ்த்தியும் அனுப்பினேன். இரண்டு ஆண்டுகளில் கடன் தாங்காமல் பதினோராம் வகுப்புக்கு அவனை மீண்டும் எங்களிடமே கொண்டு வந்தார். 2025-இல் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றான். பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கையில்தான், அந்த இரண்டு ஆண்டுகளால் 7.5 விழுக்காட்டு உரிமை அவனுக்கு இல்லையென்று தெரிந்தது. "அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, ஐயா" என்றார் தந்தை. கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் என்னை வருத்தியது.

நான் ஒப்பமிட்ட நாளில் மருத்துவ ஒதுக்கீட்டுச் சட்டம் வந்து எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. செய்தித்தாளில் நானும் படித்திருந்தேன். மற்றப் படிப்புகளுக்கும் அது விரியக்கூடும் என்று எண்ணிப் பார்த்து எச்சரிக்கும் பொறுப்பு எனக்கு இருந்தது. என் பாட்டனார் படிக்கத் தெரியாமல் நிலத்தை இழந்தார். நானோ படித்தும், படித்ததை உரியவரிடம் சொல்லாமல், ஒரு மாணவனின் வாய்ப்பை இழக்கச் செய்தேன். இரண்டில் எது பெரிய பிழை என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

சங்கம் செய்ய வேண்டுவது

ஆகவே வெள்ளி விழா ஆண்டில் நம் சங்கம் மூன்று பணிகளை மேற்கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். முதலாவதாக, நம் குடியிருப்புகளில் ஐந்தாம் வகுப்பு முடிக்கும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் எழுதிய ஏடு ஒன்று சங்கத்தில் இருக்க வேண்டும். பள்ளி மாற்றுமுன் பெற்றோர் சங்கத்தைக் கலந்து பேச வேண்டும். இரண்டாவதாக, ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் சாதிச் சான்று, படிப்புச் சான்று, தமிழ்வழிச் சான்று ஆகியவற்றைச் சரிபார்க்க ஒரு நாள் ஒதுக்க வேண்டும். மூன்றாவதாக, படித்த இளைஞர் இருவர், அரசாணைகளையும் சட்டத் திருத்தங்களையும் படித்து, மாதக் கூட்டத்தில் எளிய தமிழில் எடுத்துரைக்க வேண்டும். இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஒரு விளக்கும் பாயும் போதும்.

அன்பார்ந்த இளைஞர்களே! நமக்காகச் சட்டம் இயற்றப் போராடியோர் தம் கடமையைச் செய்து முடித்தனர். அச்சட்டத்தைச் சென்னையிலிருந்து நம் தெருமுனை வரை சுமந்து வரும் பணி நம்முடையது. இருபத்தைந்து ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த இச்சங்கம், இனிவரும் ஆண்டுகளில் பெரியோர்க்குச் சட்டமறிவிக்கும் சங்கமாகவும் வளர வேண்டும். பொன்விழா மலரில் எழுதப்போகும் ஆசிரியர் எவராயினும், தாம் ஒப்பமிட்ட சான்றிதழை எண்ணி என்னைப்போல் வருந்தும் நிலை அவருக்கு நேராதிருக்கட்டும்.

வளர்க நம் சங்கம்! ஓங்குக அதன் பணி!