சேலைச் சட்டையின் சிறு மடிப்பு

தறியில் நெய்த துணி தட்டையானது. மனித உடல் அவ்வாறானதன்று. இவ்விரண்டையும் பொருந்தச் செய்வதற்காகத் துணியின் உட்புறத்தில் முக்கோணமாகப் பிடித்துத் தைக்கப்படும் சிறு மடிப்பைத் தையற்காரர் 'டாட்' என்பர். யாழ்ப்பாணத்து வீடுகளில் தைக்கப்பட்ட சேலைச் சட்டைகளில் இம்மடிப்புக்கு ஒரு வரலாறு உண்டு. அரசியலையும் வழக்குகளையும் பக்கம் பக்கமாக எழுதிய எம்மைப் போன்ற பத்திரிகைக்காரர்கள் அதனைப் பொருட்படுத்தியதில்லை.

எமது பழைய உடைகளுக்கு ஊசி வேண்டியிருக்கவில்லை. சேலையும் வேட்டியும் உடுத்துபவை. குறுக்குக்கட்டு ஒரு முடிச்சில் நிற்பது. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரிமார் 1824இல் உடுவிலில் பெண்கள் விடுதிப் பாடசாலையை நிறுவினர். ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் அதன் முதல் பொறுப்பாளர். 1840இல் வந்த எலைசா அக்னியூ அம்மையார் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இங்கேயே பணிபுரிந்தார். வாசிப்போடும் வேதத்தோடும் ஊசிவேலையும் அங்கு பாடமாயிற்று. 1877இல் சிங்கர் நிறுவனம் இலங்கையில் கால்பதித்தபின், கைமெசினும் கால்மெசினும் வசதிபடைத்த வீடுகளின் விறாந்தைகளுக்கு வந்து சேர்ந்தன. படித்த பெண்ணின் அடையாளங்களுள் தைத்த சட்டையும் ஒன்றானது.

ஆனால் அந்தச் சட்டை எல்லோருக்கும் உரியதாக இருக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலுடம்பை மறைத்து உடுப்பதை ஆதிக்க சாதியினர் இருபதாம் நூற்றாண்டிலும் தடுத்து வந்தனர். தென் திருவிதாங்கூரின் தோள்சீலைப் போராட்டத்தைப் பேசும் நாம், எமது ஒழுங்கைகளில் நடந்ததைப் பேசத் தயங்குகிறோம். சாதிவழித் தடைகளைக் குற்றமாக்கிய சட்டம் 1957இலேயே இலங்கையில் இயற்றப்பட்டது. எனவே அளவெடுத்து, டாட் பிடித்துத் தைத்த ஒரு சட்டை சிலருக்கு நாகரிகமாகவும், வேறு சிலருக்கு வென்றெடுத்த உரிமையாகவும் இருந்தது.

இத்தொழிலின் நுட்பத்தை எமது ஊர்த் தையல் ரீச்சர்மார் நன்கறிவர். சேலைச் சட்டையின் முன்பக்கத்தில் ஒவ்வொரு பாதியிலும் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு டாட்கள் வரும். இடுப்புப் பக்கமிருந்தும், பட்டிப் பக்கமிருந்தும், கைக்குழியிலிருந்தும் புறப்படும் அவை மார்பின் உச்சியை நோக்கிச் செல்ல வேண்டும். ஆனால் அதைத் தொடாமல், அரை அங்குலமோ ஓரங்குலமோ முன்னதாக முடிய வேண்டும். அகன்ற பக்கத்தில் தொடங்கிக் கூர்முனையை நோக்கிச் சிறிது சிறிதாகக் குறுக்கித் தைக்க வேண்டும். முனையில் திருப்பித் தைத்தால் துணி முட்டிக்கொண்டு நிற்கும். நூலை நீளவிட்டுக் கையால் முடிச்சிடுவதே முறை.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டதும் குடாநாடு பொருளாதாரத் தடைக்குள்ளானது. மின்சாரம் நின்றது. கால்மெசினுக்கு மின்சாரம் தேவையில்லை. ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்திலும் அது ஓடியது. புதுத்துணி வாங்க வழியற்ற வீடுகளில் பழைய சேலை சட்டையாயிற்று. அக்காவின் சட்டை தங்கைக்கு வந்தது. அவ்வாறு வரும்போது பழைய டாட்டைப் பிரித்து, தங்கையின் அளவுக்குப் புதிதாகப் பிடிக்க வேண்டும். கணவரை இழந்த பல பெண்கள் இந்த வேலையால் அடுப்பெரித்தனர். கிடைத்த தாளிலெல்லாம் பத்திரிகை அச்சிட்ட அக்காலத்தில்தான் நான் இத்தொழிலுக்கு வந்தேன். எமது தலையங்கங்களின்மேல் சோக்கால் கோடிட்டு, கழுத்தும் கைக்குழியும் வெட்டி, அளவுத்தாளாகச் சுருட்டி வைத்திருந்த பெண்களைக் கண்டிருக்கிறேன். அத்தலையங்கங்களில் பல மறக்கப்பட்டுவிட்டன; அந்த அளவுகளில் தைத்த சட்டைகளோ பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பின.

1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, மெசின் தலையை மட்டும் கழற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தென்மராட்சிக்குப் போனவர்களும் உண்டு.

2009இல் போர் முடிந்தபின், குடும்பத்தைத் தனித்துத் தாங்கும் பெண்களுக்கு வாழ்வாதார உதவியாகத் தையல் மெசின்கள் வழங்கப்பட்டன. நான் சென்று பார்த்த சில வீடுகளில் அவை துணியால் மூடப்பட்டுக் கிடந்தன. மெசினைக் கொடுப்பது எளிது; பொருந்தத் தைக்கும் அறிவு ஆண்டுக்கணக்கில் கைமாறி வருவது. ஆடைத் தொழிற்சாலைகளிலோ ஒருத்தி நாள் முழுதும் கொலர் மட்டும் தைக்கிறாள், இன்னொருத்தி கை மட்டும். ஒரு முழுச் சட்டையை அளவெடுத்து, வெட்டி, தைத்து முடிக்கும் திறமை அங்கே வளராது.

அத்திறமையுள்ள மூத்த பெண்கள் இன்னும் எமது ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் யாரிடம் கற்றார்கள், யாருக்குத் தைத்தார்கள், யாருக்குத் தைக்கக்கூடாதென்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது என்பவற்றையெல்லாம் கேட்டு எழுதிவைக்க வேண்டிய நேரம் இது. வாசகர்கள் தம் வீட்டிலிருந்தே அதனைத் தொடங்கலாம்.