வீடுடைப்பும் துப்புத்துலக்கலும்

இலங்கைப் பொலிஸாரின் பாரதூரமான குற்றப் புள்ளிவிபரங்களில் வீடுடைத்துத் திருடுதல் தனியொரு பிரிவாகும். அங்கே ‘துலக்கப்பட்டது’ எனப் பதியப்பட்டால், களவுபோன நகை மீண்டதென்றோ திருடன் தண்டிக்கப்பட்டானென்றோ கொள்ளலாகாது.

இக்குற்றம் துலங்குவது எங்கும் அரிது. வீட்டில் ஆளில்லாத வேளையில் நிகழ்வதால் கண்ட சாட்சியில்லை. தங்கம் உருக்கப்பட்டால் அடையாளமுமில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அண்மைய ஆண்டுகளில் பத்தில் ஒன்றுக்கும் குறைவான வீட்டுத் திருட்டுகளிலேயே எவர்மீதேனும் குற்றஞ்சாட்டப்பட்டது. இதனால், வீடுடைக்கப்பட்ட ஒவ்வோரிடத்துக்கும் நேரிற் செல்வதாக அங்குள்ள பொலிஸ் தலைமைகள் 2022 ஒக்டோபரில் உறுதியளித்தன.

கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட களுதாவளையில், பிள்ளையார் ஆலயத் திருவிழாவுக்குக் குடும்பமாகச் செல்வோர் பூட்டிச்செல்லும் வீடே கள்வனுக்கு வாய்ப்பு. “முறையிட்டு என்ன பயன்?” என வாளாவிருப்பது அவனுக்கே துணைபோகும். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 109ஆம் பிரிவின்படி, வாய்மொழி முறைப்பாட்டையும் பொலிஸார் எழுத்திற் பதிந்து வாசித்துக் காட்டவேண்டும். களவுப்பொருளை அறிந்தே வாங்குவதும் தண்டனைச் சட்டக்கோவையின் 394ஆம் பிரிவின்கீழ்க் குற்றமாகும்.

உடைந்த கதவைத் தொடாது விடுதல், நகைகளின் நிழற்படத்தையும் பற்றுச்சீட்டையும் பேணல், உடன் முறையிடல் ஆகியன மக்கள் கடமை. தடயங்களை அன்றே திரட்டுவதும், விசாரணையின் நிலையை முறையிட்டவருக்கு அறிவிப்பதும் பொலிஸாரின் கடமை. பின்னது தவறின் முன்னதும் நிலைக்காது.