பெரும் ஏமாற்றம் (1844)

அமெரிக்காவில் 1844 அக்டோபர் 22 அன்று கிறிஸ்து திரும்பி வருவார், உலகம் முடியும் என்று காத்திருந்த பல்லாயிரம் பேர் அடைந்த ஏமாற்றத்தைக் குறிக்கும் பெயர். நியூயார்க் மாநில விவசாயி வில்லியம் மில்லர், விவிலியத்தின் தானியேல் நூலில் வரும் 2300 நாள்களை ஆண்டுகளாகக் கொண்டு, கி.மு. 457 தொடங்கி எண்ணி, அந்த வருகையின் காலத்தைக் கணித்தார். விவிலியம் வைத்திருந்த எவராலும் அந்தக் கணக்கைத் தாமே போட்டுப் பார்க்க முடிந்தது. நம்பிக்கை வேரூன்ற அதுவே பெருங்காரணம். முதலில் குறித்த கெடு 1844 மார்ச்சில் கடந்ததும், மில்லரைப் பின்பற்றிய சாமுவேல் ஸ்நோ அக்டோபர் நாளை முன்வைத்தார். சிலர் விளைந்த பயிரை அறுக்காமலே விட்டனர். தாமே சரிபார்க்கக்கூடிய கணக்கை நம்பிய அவர்களைப் பேதைகள் என ஒதுக்குவது நியாயமன்று. நாள் கடந்தபின் பலர் விலகினர். எஞ்சியோரில் ஒரு பிரிவினர், நாள் சரி, நிகழ்வு விண்ணகத்தில் நடந்தது என விளக்கினர். அவர்களிடமிருந்தே 1863இல் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் திருச்சபை உருவானது.