அடுப்பா, ஹீட்டரா? ஒரு அமெரிக்கச் சட்டத்தின் கதை

எமர்ஜென்சிக்கு ஒரே நேரத்துல நாலு பேர் வந்தா யாரை முதல்ல பார்ப்போம்?

முதல்ல வந்தவரை இல்லைங்க. சத்தம் போடுறவரையும் இல்லை. யாரோட உயிருக்கு ஆபத்து அதிகமோ, அவரைத்தான். இதுக்குப் பேர் ட்ரையாஜ்.

இதே கணக்கை வீட்டு எரிசக்திச் செலவுக்குப் போட்டுப் பார்த்தது அமெரிக்கா. அந்தக் கதையைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன்.

அக்டோபர் 1973. அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. பேரல் சுமார் 3 டாலராக இருந்த கச்சா எண்ணெய், சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது.

எண்ணெய் விலைன்னா நமக்கு பெட்ரோல் பங்க்தான் ஞாபகம் வரும். ஆனா அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்கள்ல, தண்ணி உறையுற குளிர்ல, ஏராளமான வீடுகளைச் சூடாக்கினதே எண்ணெய்தான். வசதியானவங்க பில்லைக் கட்டிட்டாங்க. ஏழை என்ன செய்வான்?

1976இல், குளிர் உள்ளே புகாதபடி ஏழைகளின் வீடுகளைச் சரிசெய்யும் திட்டம் சட்டமானது. 1977இல் பில் கட்ட முடியாதவர்களுக்கு அவசர உதவியாக 20 கோடி டாலர். 1979இல் ஈரான் புரட்சியால் விலை மறுபடியும் ஏற, 1981இல் லைஹீப் என்ற திட்டம் வந்தது.

அதில் ஒரு வரியை மட்டும் கவனிங்க. வருமானம் மிகக் குறைவாகவும், அந்த வருமானத்தோடு ஒப்பிட்டால் எரிசக்திச் செலவு மிக அதிகமாகவும் உள்ள குடும்பத்துக்கே அதிக உதவி. எத்தனை பேர் உள்ள குடும்பம் என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒரு உதாரணம். ரெண்டு குடும்பம், ரெண்டுக்கும் மாசம் 1,000 டாலர் வருமானம். ஒண்ணுக்கு பில் 50 டாலர். இன்னொண்ணு ஓட்டை உடைசல் வீடு, பில் 200. வருமானத்தை மட்டும் பார்த்தா ரெண்டும் சமம். சுமையைப் பார்த்தா ஒண்ணுக்கு 5 சதவீதம், இன்னொண்ணுக்கு 20 சதவீதம். நாலு மடங்கு!

1994இல் இதைத் திருத்தி, செலவோடு சேர்த்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றும் பார்க்கச் சொன்னார்கள். சின்னக் குழந்தை, மாற்றுத்திறனாளி, தளர்ந்த முதியவர். டாக்டரா எனக்கு ரொம்பப் பிடிச்ச திருத்தம் இது.

ஏன்னு சொல்றேன். பாஸ்டன் நகர மருத்துவமனையின் குழந்தைகள் அவசரப் பிரிவில் டாக்டர் டெபோரா ஃபிராங்க் குழுவினர் எடைகளை ஆராய்ந்தார்கள். கடுங்குளிர் மாதங்களை அடுத்து, எடை குறைந்த குழந்தைகள் அதிகமாக வந்தார்கள். ஹீட்டருக்குப் போன காசு, தட்டுல இருந்து போயிருக்கு!

2006இல் அவர்கள் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், லைஹீப் உதவி பெற்ற குடும்பங்களின் 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஊட்டச்சத்துக் குறைபாட்டு ஆபத்து குறைவாக இருந்தது. பில்லுக்குக் கொடுத்த பணம் குழந்தையோட எடையில தெரியுது பாருங்க.

குளிர் மட்டும்தான் கொல்லும்னு நினைக்காதீங்க. ஜூலை 1995, சிகாகோ. வெயில் 41 டிகிரி. சில நாட்களில் 700க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. தனியா வாழ்ந்தவங்க, படுக்கையில கிடந்தவங்களுக்குத்தான் ஆபத்து அதிகம். வீட்டில் ஓடுற ஏசி இருந்தவங்க பெரும்பாலும் தப்பிச்சாங்க.

சரி, சட்டம் சொன்னபடி எல்லாருக்கும் உதவி போய்ச் சேருதா? இல்லை. இது உரிமை அல்ல. ஆண்டுதோறும் அரசு ஒதுக்கும் நிதிக்குள் அடங்கும் உதவி. தகுதியுள்ள குடும்பங்களில் ஒரு சிறு பகுதிக்குத்தான் கிடைக்கிறது. பல இடங்களில் முந்தி விண்ணப்பித்தவருக்கே முதல் உதவி.

அதாவது ட்ரையாஜ் சட்டத்துல இருக்கு, நடைமுறையில கியூதான்.

கியூவில் நிக்க முடியாதவர்தான் பெரும்பாலும் சிவப்பு அட்டைக்காரர். எமர்ஜென்சியில அவரை நாங்கதான் தேடிப் போய்ப் பார்க்கணும். எந்த உதவித் திட்டத்தைப் பத்திப் படிச்சாலும் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்க: வர முடியாதவரை யார் தேடிப் போறாங்க?