பூட்டிய வீடும் புதிய படுக்கையும்: பிள்ளைப்பாக்கத்தை முன்வைத்து வீட்டுவசதி மானிய விதிகள் குறித்து

பிள்ளைப்பாக்கம் என்றால் பொதுப்பணித் துறையின் பழைய ஆவணங்களில் ஓர் ஏரி; மழைக்காலத்தில் நிரம்பினால் அதன் உபரி நீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகும். இன்றைக்கு அந்தப் பெயர் வழக்கில் இருப்பது சிப்காட் தொழிற்பூங்காவுக்காக. மின்னணுப் பொருள் உற்பத்திக்கான தொகுப்புகளுக்கு ஒன்றிய அரசு 2020 ஏப்ரலில் அறிவித்த திட்டத்தின் கீழ் இங்கே 379.30 ஏக்கரில் 424.55 கோடி ரூபாய்த் திட்டம் ஒப்புதல் பெற்றது. அதில் ஒன்றிய அரசின் மானியம் 210 கோடி. நூறு ஏக்கருக்கு 70 கோடி என்ற உச்சவரம்புக்கு உட்பட்டு, செலவில் பாதி வரை தருவது அத்திட்டத்தின் விதி.

பக்கத்திலேயே வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய தொழிலாளர் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. பதின்மூன்று கட்டடங்கள், ஒவ்வொன்றிலும் 240 அறைகள், அறைக்கு ஆறு பேர். ஆகமொத்தம் 18,720 படுக்கைகள். செலவு 706.50 கோடி ரூபாய். ஒன்றிய அரசு தந்தது 37.44 கோடி, அதாவது படுக்கைக்கு 20,000 ரூபாய். ஆலைக்கான நிலத்தைப் பண்படுத்த ஏறத்தாழ ஐம்பது விழுக்காடு தரும் அதே கருவூலம், அந்த ஆலைக்கு வேலைக்கு வருகிறவர் தலை சாய்க்க ஐந்து விழுக்காட்டுக்குச் சற்று மேலே தருகிறது. ஒரு படுக்கைக்கு ஆன செலவு மூன்றே முக்கால் லட்சத்துக்கும் அதிகம்.

இவ்விரண்டு எண்களோடு மூன்றாவதாக ஒன்றையும் சேர்க்க வேண்டும். இதே வட்டாரத்தில் கடன் தவணை நின்று வங்கி கைப்பற்றிய ஒரு வீட்டையோ, கட்டுநர் பாதியில் விட்டுப்போன அடுக்குமாடியையோ செப்பனிட்டு ஆள் குடியேற்ற முன்வருகிறவருக்கு ஒன்றிய, மாநில வீட்டுவசதித் திட்டங்களில் தனி மானியம் கிடையாது. இது தற்செயலாக விட்டுப்போன இடைவெளி அன்று, விதிகளின் அமைப்பிலேயே உள்ள சாய்வு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வெற்று வீடு என்பது நமக்குப் புதிய செய்தியன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்திய நகரங்களில் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த வீடுகளை ஏறத்தாழ 1.11 கோடி எனக் கணக்கிட்டது. அதற்கு அடுத்த ஆண்டில் அமிதாப் குண்டு தலைமையிலான வல்லுநர் குழு நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறையை 1.88 கோடி என்றது. இரண்டையும் கழித்துப் பார்ப்பது பிழை. பூட்டிய வீடு ஓரிடத்தில், வீடில்லாதவர் வேறோரிடத்தில். ஆனால் கொள்கை வகுத்தோர் அந்தத் தூரத்தைக் குறைக்க முயலாமல், பூட்டிய வீட்டைக் கணக்கிலிருந்தே விட்டுவிட்டார்கள்.

முழுக்க விட்டுவிட்டார்கள் என்பதும் நியாயமாகாது. பெருந்தொற்றின்போது புலம்பெயர் தொழிலாளர் நெடுஞ்சாலைகளில் நடந்ததைப் பார்த்த அதிர்ச்சியில், 2020 ஜூலையில் குறைந்த வாடகைக் குடியிருப்பு வளாகத் திட்டம் வந்தது. அதன் முதல் வகை பூட்டிய வீடுகளுக்கானதுதான். ஜவாஹர்லால் நேரு நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்டம் போன்றவற்றில் அரசுப் பணத்தில் கட்டி ஆள் வராமல் கிடந்த வீடுகளை ஒரு நிறுவனம் எடுத்து, ஓட்டை உடைசலை அடைத்து, தண்ணீர், கழிவுநீர் இணைப்புகளைச் சரிசெய்து, 25 ஆண்டு வாடகைக்கு விட்டுப் பின்னர் உள்ளாட்சியிடம் திருப்பித் தர வேண்டும். இப்படி அடையாளம் காணப்பட்டவை நாடு முழுவதும் 88,000-க்குச் சற்று மேல். வாடகை வீடாக மாறியவை 5,648. இரண்டாம் வகையான புதுக் கட்டுமானத்திலோ 82,273 அலகுகளுக்கு ஒப்புதல் கிடைத்தது.

ஏன் இந்த வேறுபாடு? ஒதுக்கப்பட்ட 600 கோடி ரூபாய் மானியத்தின் பெயரிலேயே விடை இருக்கிறது: தொழில்நுட்பப் புத்தாக்க மானியம். புதிய முறையில் விரைந்து கட்டுகிறவருக்கு உண்டு. பழைய சுவரில் ஊறும் ஈரத்தை நிறுத்துகிறவருக்கு இல்லை. அவர் தன் கைப்பணத்தைப் போட்டு வாடகையில் மீட்டுக்கொள்ள வேண்டும். 2024-இல் வந்த பிரதமர் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தின் இரண்டாம் பதிப்பும் இதே இரு வகைகளைத் தொடர்கிறது. புதுத் தொழில்நுட்பக் கட்டுமானத்துக்குச் சதுர மீட்டருக்கு ஒன்றிய அரசு 3,000, மாநில அரசு 2,000 ரூபாய் என்று தொகை மட்டும் மாறியிருக்கிறது. செப்பனிடுவதில் புத்தாக்கம் ஏதுமில்லை என்று எவரும் எழுதிவைக்கவில்லை. எழுதாமலே அது விதியாகிவிட்டது.

முதல் வகைக்கும் ஒரு வேலி உண்டு: வீடு அரசுப் பணத்தில் கட்டியதாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டு அரசு ஊரகப் பகுதிகளில் நடத்தும் வீடு சீரமைப்புத் திட்டமும் பழைய அரசுத் திட்டங்களில் கட்டிய வீடுகளுக்கே. தொழில்வழித்தடத்தில் பூட்டிக் கிடப்பவற்றின் இயல்பு வேறு. இவ்வட்டாரத்துக்கு நோக்கியா ஆலை வந்தபின் மனைகள் விரிந்தன, நுழைவு வளைவுகளோடு நகர்கள் முளைத்தன. சென்னையில் வேலை பார்ப்பவர் முதலீடாக வாங்கினார், வாடகை தவணையைக் கட்டிவிடும் என்று நம்பினார். 2014 நவம்பரில் நோக்கியா ஆலை நின்றது, அதையொட்டி அங்கிருந்த பாக்ஸ்கான் பிரிவும் மூடியது. தவணையோ வாடகைக்காரருக்காகக் காத்திருப்பதில்லை.

அத்தகைய வீட்டுக்கு மூன்று ஏற்பாடுகள் மூன்று திசையில் கைநீட்டுகின்றன. முதலாவது 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம். தவணை 90 நாள் தவறினால் வாராக்கடன். 60 நாள் அறிவிப்பு. பின்னர் கைப்பற்றல், ஏலம். வங்கியின் நோக்கம் பணத்தை மீட்பது, அதில் தவறில்லை. ஆனால் கதவில் அறிவிப்பு ஒட்டிக் காகிதத்தில் கைப்பற்றுவதற்கும், மாவட்ட ஆட்சியர் உத்தரவோடு சாவியை வாங்குவதற்கும் இடையே கடன் மீட்புத் தீர்ப்பாய வழக்குகள் நுழைகின்றன. அந்த இடைக்காலத்தில் வீட்டைப் பேணும் கடமை உள்ளபடி எவர் தலையிலும் விழுவதில்லை. குழாய்ப் பித்தளை முதலில் போகும், அப்புறம் சன்னல் சட்டம், அப்புறம் மின்கம்பி. ‘இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில்’ என்று ஏல விளம்பரத்தில் வரும் சொற்றொடர் இந்தச் சிதைவை வாங்குகிறவர் தலையில் கட்டும் சட்டமொழி.

இரண்டாவது 2016-ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம். கட்டுநரின் பதிவு காலாவதியானாலோ ரத்தானாலோ, எஞ்சிய பணியை முடிக்க அரசோடு கலந்து ஏற்பாடு செய்யலாம் என்கிறது அதன் 8-ஆம் பிரிவு. முதல் உரிமை வீடு வாங்கியோர் சங்கத்துக்கு. உரிமையைக் கொடுத்த பிரிவு பணம் எங்கிருந்து வரும் என்று சொல்லவில்லை. ஏற்கெனவே முக்கால் பங்கு கட்டிவிட்டு வெளியே வாடகையும் கொடுப்பவரிடம் இன்னும் போடு என்றால் என்ன செய்வார்?

மூன்றாவது அந்தப் பணத்துக்காக 2019 நவம்பரில் அறிவித்த ஸ்வாமி நிதியம். நின்றுபோன திட்டங்களை முடிக்க 25,000 கோடி இலக்கு, அதில் அரசின் பங்கு 10,000 கோடி. 2025 நிதிநிலை அறிக்கை 15,000 கோடியில் இன்னொன்றை அறிவித்தது. இது பலருக்கு வீடு கிடைக்கச் செய்தது, மறுப்பதற்கில்லை. எனினும் இது மானியமன்று, ஈட்டம் எதிர்பார்க்கும் முதலீடு. திட்டம் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவானதாக இருக்க வேண்டும். முடித்து விற்றால் போட்டதற்கு மேல் தேற வேண்டும். மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டமோ 500 சதுர மீட்டருக்கு மிகாத மனைக்கும் எட்டு வீட்டுக்கு மிகாத கட்டடத்துக்கும் பதிவு விலக்குத் தருகிறது. ஊராட்சிப் பகுதியில் இரண்டு கிரவுண்டில் எழும்பும் ஆறு வீட்டுக் கட்டடம் இந்த வலைக்குள் வருவதே இல்லை. பெரியது நின்றால் நிதியம் உண்டு, சிறியது நின்றால் சுவர் வெடிப்பில் வேப்பங்கன்றுதான் உண்டு.

மீட்பு, முடிப்பு, ஈட்டம் என்ற மூன்று நோக்கங்களில் குடியிருப்பு எதற்கும் முதல் நோக்கமில்லை. அதை முதல் நோக்கமாகக் கொண்ட விதியை வேறெங்கேனும் எழுதியிருக்கிறார்களா? அமெரிக்கா 2008 ஜூலையில், வீட்டுக்கடன் நெருக்கடியின் நடுவே, கைப்பற்றப்பட்ட, கைவிடப்பட்ட வீடுகளை வாங்கிச் செப்பனிட மாநிலங்களுக்கும் நகரங்களுக்கும் 392 கோடி டாலர் கொடுத்தது. அக்கம்பக்க நிலைநிறுத்தத் திட்டம் என்று அதைத் தமிழில் சொல்லலாம். தொகையைவிட விதிகளே நமக்குப் பாடம். சந்தை மதிப்பைவிடக் குறைத்தே வாங்க வேண்டும். செப்பனிட்டுக் குடும்பத்துக்கு விற்றால், வாங்கிய விலையும் செப்பனிட்ட செலவும் சேர்ந்த தொகைக்கு மேல் போகக் கூடாது. நிதியில் கால் பங்காவது வட்டார இடைநிலை வருமானத்தில் பாதிக்கும் கீழே உள்ளோருக்குப் போய்ச் சேர வேண்டும்.

அதன் குறைகளையும் சொல்லியாக வேண்டும். பதினெட்டு மாதத்துக்குள் நிதியை ஒப்பந்தத்தில் கட்டிவிட வேண்டும் என்ற கெடு, பொறுத்து வாங்க வேண்டிய இடத்தில் அவசரத்தை உண்டாக்கியது. தொகுப்பாக வாங்கினால் சராசரி 15 விழுக்காடு தள்ளுபடி வேண்டும் என்று தொடக்கத்தில் வகுத்தது நடைமுறையில் நிற்கவில்லை. அடுத்த ஆண்டே ஒரு விழுக்காடாகக் குறைத்தார்கள். ரொக்கத்தோடு வந்த தனி முதலீட்டாளர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன பிறகும் நகராட்சி மதிப்பீட்டாளருக்காகக் காத்திருந்த கதை நமக்கும் அந்நியமாகத் தோன்றாது.

பிள்ளைப்பாக்கத்துக்கு ஒரு செப்பனிடல் விதி எழுதினால் அது வீட்டைப் பற்றிக்கொள்ள வேண்டும், உரிமையாளரை அன்று. மானியம் பெற்ற வீட்டின்மீது அத்தொகை சார்பதிவாளர் அலுவலகத்தில் பொறுப்பாகப் பதிவாகி, வில்லங்கச் சான்றில் தெரிய வேண்டும். குறித்த ஆண்டுகளுக்குள் விற்றால் தொகை திரும்பும். வாடகைக்கு விட்டுக்கொண்டே இருந்தால் ஆண்டுக்கு ஆண்டு கரையும். கட்டுநரையும் வங்கியையும் அரசுப் பணத்தில் கரையேற்றுகிறீர்களே என்ற நியாயமான எதிர்ப்புக்கு இதுதான் விடை. கைவிடப்பட்டது எது என்பதற்கும் நம்மிடம் நல்ல சான்று உண்டு. வீட்டு இணைப்புக்கு 100 யூனிட் வரை கட்டணமில்லை என்பதால் பூட்டிய வீட்டிலும் இணைப்பைத் துண்டிக்கக் கேட்பதற்குக் காரணமில்லை. மீட்டர் அங்கேயே இருக்கிறது, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பும் நடக்கிறது. ஆறு கணக்கெடுப்பில் தொடர்ந்து சுழியம் என்றால், பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் கணக்கெடுப்பாளரைவிட அது உறுதியான சாட்சி.

இன்னொரு எதிர்ப்பு வலுவானது. ஆயிரக்கணக்கில் ஆள் எடுக்கும் ஆலைக்கு அங்கொன்றும் இங்கொன்றுமான பத்துப் பதினைந்து வீடுகள் எந்த மூலைக்கு? பேருந்து ஒரே வாசலில் நின்றால்தானே பணிமுறை மாற்றம் நடக்கும்? உண்மை. வல்லம் வடகால் போன்றவை தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. 2021 டிசம்பரில் தனியார் விடுதி உணவு நஞ்சானதையடுத்துப் பெண் தொழிலாளர் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்த பிறகு, பெரிய, கண்காணிப்புள்ள இடம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆறு பேர் படுக்கும் அறை பத்தொன்பது வயதுக்கானது. திருமணம் ஆனவருக்கும், அம்மாவை உடன் அழைத்துவர நினைப்பவருக்கும், வேலையை விட்டுவிட்டு இதே ஊரில் வேறு வேலை தேடுபவருக்கும் அங்கே இடமில்லை. நிறுவனம் எடுத்த படுக்கை வேலையோடு வரும், வேலையோடு போகும். நோக்கியா நின்றதுபோல் இன்னொன்று நின்றால் 240 அறைக் கட்டடத்தைக் குடும்ப வீடாக மாற்றச் சுவரை இடிக்க வேண்டும். செப்பனிட்ட இரண்டு படுக்கையறை வீட்டில் இந்த மாதம் நான்கு பெண்கள் பங்கு போட்டுக்கொள்ளலாம், அடுத்த ஆண்டு ஒரு குடும்பம் இருக்கலாம். எதையும் இடிக்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு நடைமுறைக் கேள்வி: ஊராட்சிப் பகுதியான பிள்ளைப்பாக்கத்துக்கு நகர்ப்புறத் திட்டத்தின் பணம் வருமா? பிரதமர் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டம் சட்டப்படியான நகரங்களோடு அறிவிக்கப்பட்ட திட்டப் பகுதிகளையும் ஏற்கிறது. சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904-க்கு விரிக்கும் ஆணை 2022 அக்டோபரில் வந்தது. வரைபடத்தில் கோடு நகர்ந்தால் திட்டத்தின் கதவும் திறக்கும். அதற்குள் செப்பனிடலுக்கென்று ஒரு பத்தியை வழிகாட்டு நெறிகளில் சேர்க்கத் தனிச் சட்டம் வேண்டியதில்லை. ‘புதிய கட்டுமானம்’ என்று வருமிடத்தில் ‘அல்லது குடியிருக்கத் தக்கதாக மீட்டல்’ என்று நான்கு சொல் போதும்.