கோக் பாட்டிலும் பாஸ்டன் கோர்ட்டும்

1950, 60களில் அமெரிக்க இளம்பெண்களுக்குள்ள ரகசியமா ஒரு டிப்ஸ் சுத்திட்டு இருந்தது. உடலுறவு முடிஞ்சதும் கோக் பாட்டிலைக் குலுக்கி, பொங்கி வர்ற அந்த நுரையால பிறப்புறுப்பை உள்ள வரைக்கும் கழுவணும். அப்படிச் செஞ்சா கர்ப்பம் ஆகாதாம்.

சிரிப்பு வருதுல்ல? எனக்கும் வந்தது. அவங்க ஏன் இதைச் செஞ்சாங்கன்னு படிச்சப்போ நின்னுடுச்சு.

1873ல் வந்த காம்ஸ்டாக் சட்டப்படி, கருத்தடைச் சாதனத்தை மட்டுமில்ல, அதைப் பத்தின தகவலைத் தபால்ல அனுப்புறதே குற்றம். கனெக்டிகட் மாநிலத்தில் கல்யாணமான தம்பதி பயன்படுத்தினாக்கூடக் குற்றம், அதுவும் 1965 வரைக்கும்! 1960ல் மாத்திரைக்கு அனுமதி கிடைச்சது. ஆனா கல்யாணமாகாத பொண்ணு டாக்டர்கிட்ட போய் அதைக் கேட்கிறது பல ஊர்ல நடக்கிற காரியமா இல்ல. கோக் எந்தக் கடையிலயும் கிடைக்கும், எதுக்குன்னு யாரும் கேட்க மாட்டாங்க. நம்ம பாஷையில சொன்னா, ஒர்க்-அரவுண்ட்.

இது உண்மையிலேயே வேலை செய்யுதான்னு 1985ல் ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியில் டெபோரா ஆண்டர்சன் குழு டெஸ்ட் பண்ணிப் பார்த்தாங்க. சோதனைக் குழாயில் விந்தணுவோட கோக்கைக் கலந்தாங்க. டயட் கோக்ல ஒரே நிமிஷத்துல ஒண்ணுகூட நகரல. அந்த வருஷம்தான் ‘நியூ கோக்’ வந்து மக்கள்கிட்ட திட்டு வாங்கியிருந்தது. இதுலயும் பழைய கோக்தான் அதைவிட அஞ்சு மடங்கு பெட்டர். 1987ல் தைவான்ல வேறொரு குழு பரிசோதிச்சாங்க. அவங்களுக்குச் சொல்லிக்கிற மாதிரி எந்த விளைவும் கிடைக்கல. 2008ல் ரெண்டு குழுவுக்கும் சேர்த்து இக் நோபல் பரிசு கொடுத்தாங்க, அது வேற காமெடி.

ஆனா சோதனைக் குழாய் வேற, உடம்பு வேற. விந்தணு சில நிமிஷத்துல கர்ப்பப்பை வாயைத் தாண்டிடும். பாட்டிலைத் திறக்கிறதுக்குள்ளயே லேட். அது மட்டுமில்ல, பிறப்புறுப்புல இயல்பாவே நல்ல பாக்டீரியா இருக்கு. அது சுரக்கிற அமிலம்தான் அங்க காவல். சோடாவோ வேற எதுவோ ஊத்திக் கழுவினா அந்தச் சமநிலை கெட்டுடும். இப்படி உள்ள கழுவுற பழக்கத்துக்கும் பாக்டீரியா தொற்று, இடுப்பறை அழற்சி மாதிரி பிரச்சினைகளுக்கும் தொடர்பு இருக்குன்னு பல ஆய்வுகள் காட்டியிருக்கு. ஆக, கர்ப்பத்தையும் தடுக்கல, உடம்புக்கும் கேடு.

இதுல எனக்கு மறக்காத விஷயம், ஊர். ஆண்டர்சனோட ஆய்வு நடந்த அதே பாஸ்டன்லதான், 1967ல் பில் பெயர்ட்னு ஒருத்தர் பல்கலைக்கழகத்தில் பேசிட்டு, கல்யாணமாகாத ஒரு மாணவிக்குக் கருத்தடை நுரை பாக்கெட் ஒண்ணைக் கொடுத்தார். மேடையிலேயே கைது, அப்புறம் ஜெயில். 1972ல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பு சொல்ற வரைக்கும், அந்த மாணவிக்கு அந்த ஊர்ல சட்டப்படி கிடைச்ச ஒரே நுரை கோக் நுரைதான்.